ஆய்வகத்தில் தொலைந்த படலம்: பாசில்லஸ் சப்டிலிஸ் ஆய்வு வரலாற்றில் நீர்விலக்கும் உயிர்ப்படலம்

ஆய்வுச் சுருக்கம்

பாக்டீரியாக்கள் கூட்டமாகப் பரப்பொன்றில் ஒட்டி வாழும்போது தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் கூழ்மப் படலம் உயிர்ப்படலம் எனப்படும். அதனை மேலும் வலிமையுடையதாகவும் நீரை ஒட்டவிடாததாகவும் ஆக்கிப் பொருளாகப் பயன்கொள்ளும் முயற்சிகள் கடந்த 10, 15 ஆண்டுகளில் பெருகியுள்ளன. இவற்றில் அடிக்கடி ஆளப்படும் பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியம் 19ஆம் நூற்றாண்டு முதலே அறியப்பட்டது. ஆயினும் அதன் படலம் நீரை விலக்கும் என்பது 21ஆம் நூற்றாண்டில்தான் ஆய்வுப் பொருளாயிற்று. இத்தாமதத்திற்கான காரணத்தை ஆய்வகக் கால்வழி ஒன்றின் தேர்வில் இக்கட்டுரை தேடுகிறது.

திறவுச்சொற்கள்: உயிர்ப்படலம், பாசில்லஸ் சப்டிலிஸ், தூய வளர்ப்பு, கால்வழி 168, நீர்விலக்குமை, அறிவியல் வரலாறு.

முன்னுரை

2011ஆம் ஆண்டு அலெக்சாண்டர் எப்ஸ்டீன், ஜோவன்னா ஐசன்பர்க் முதலிய ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக நடவடிக்கைகள் இதழில் கட்டுரையொன்றை வெளியிட்டனர். பாசில்லஸ் சப்டிலிஸ் உருவாக்கிய படலத்தின்மீது நீர்த்துளியை இட்டால் அது பரவாமல் உருண்டையாக நின்றது. நீர் மட்டுமன்று, 80 விழுக்காடு வரை எத்தனால் கலந்த கரைசலும் படலத்தை நனைக்கவில்லை. மருத்துவமனைகளில் கிருமிநீக்கத்திற்குப் பயன்படும் எரிசாராயத்தின் செறிவு பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அமைவது என்பதை நினைவிற்கொண்டால் இம்முடிவின் கனம் விளங்கும். பரப்பிழுவிசை குறைந்த நீர்மங்களை விலக்குவதில் டெஃப்லானையும் இப்படலம் விஞ்சியது என அவர்கள் காட்டினர்.

இம்முடிவைப் படிக்கும் வரலாற்று மாணவருக்கு எழும் முதல் வினா எளியது. இப்பாக்டீரியம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1835இல் எரன்பெர்க் இதனை விப்ரியோ சப்டிலிஸ் எனப் பெயரிட்டார். 1872இல் ஃபெர்டினாண்ட் கோன் இன்றுள்ள பெயரை வழங்கினார். 1997இல் இதன் மரபணுத்தொகை முழுவதும் வாசிக்கப்பட்டு ஏறத்தாழ 4,100 மரபணுக்கள் பட்டியலிடப்பட்டன. இத்துணை நெருக்கமாக அறியப்பட்ட ஓர் உயிரின் மேற்பரப்பு நனைவதில்லை என்பதைக் காண 2011 வரை காத்திருக்க நேர்ந்தது ஏன்? கருவிகள் இல்லாமை காரணமாகாது. துளியொன்றை இட்டுப் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நனையாத படலம் ஆய்வகத்தாரின் கண்முன் இல்லாமற்போனதே காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வினிகரும் பல்லழுக்கும்

படலத்தின் காப்புத்தன்மையை முதன்முதலாகக் குறித்தவர் லேவன்ஹூக் எனலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகராக இருந்த அவர், 1683 செப்டம்பரில் இலண்டன் அரச கழகத்திற்கு எழுதிய மடலில் தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்மையான அழுக்கில் நகரும் நுண்ணுயிர்களைக் கண்டதாகத் தெரிவித்தார். அம்மடல் 1684இல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பாக்டீரியாவை முதலில் கண்ட செய்தியாக இம்மடல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அதே ஆய்வில் வினிகர் பற்றி அவர் செய்த உற்றுநோக்கலோ பெரிதும் பேசப்படுவதில்லை. வினிகரால் வாயைக் கழுவிய பின்னும் அழுக்கினுள்ளே உயிர்கள் இயங்கக் கண்ட அவர், வினிகர் அழுக்கின் புறத்திலிருந்தவற்றை மட்டுமே கொன்றது என்றும் உள்ளே ஊடுருவவில்லை என்றும் கருதினார். உயிர்ப்படலம் தன் உள்வாழ்வோரைக் காக்கிறது என்னும் இன்றைய மருத்துவக் கருத்தின் முதற் பதிவாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் இதற்கு 200 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ச்சி ஏதும் அமையவில்லை.

தொடர்ச்சி அற்றுப்போனதற்கு 19ஆம் நூற்றாண்டின் பெருவெற்றியே ஒருவகையில் காரணமாயிற்று. 1881இல் ராபர்ட் கோக் திண்ம ஊடகத்தில் பாக்டீரியாக்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாக வளர்க்கும் முறையை நிறுவினார். ஜெலாட்டினுக்கு மாற்றாக அகர் என்னும் கடற்பாசிப் பொருளைப் பரிந்துரைத்தவர் ஃபேனி ஹெஸ்ஸ. அதற்கான தட்டை 1887இல் அறிமுகப்படுத்தியவர் பெட்ரி. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என நிறுவுவதற்குத் தூய வளர்ப்பு இன்றியமையாதது. காசநோய், வாந்திபேதி ஆகியவற்றின் காரணிகள் இம்முறையால்தான் உறுதிசெய்யப்பட்டன. இதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் ஒரே உயிரணுவிலிருந்து பெருகிய, சத்து நிறைந்த குழம்பில் குலுக்கி வளர்த்த, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கும் பாக்டீரியமே பாக்டீரியத்தின் இயல்பு வடிவம் என்னும் எண்ணமும் இம்முறையோடு வேரூன்றியது. குடுவையின் ஓரத்தில் ஒட்டிய வழுவழுப்பு கழுவித் தள்ளவேண்டிய இடையூறாயிற்று.

விலகிய குரல்கள் இல்லாமலில்லை. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹென்ரிசி ஏரி நீரில் கண்ணாடித் தகடுகளைத் தொங்கவிட்டு, அவற்றின்மீது நேரடியாகப் பாக்டீரியாக்கள் படிவதைக் கண்டு, நன்னீர்ப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மிதப்பன அல்ல, பரப்புகளில் ஒட்டி வளர்வனவே என 1933இல் எழுதினார். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கிளாட் ஸோபெல், சத்துக் குறைந்த கடல்நீரைக் குப்பியில் அடைத்தால் குப்பியின் சுவர்ப்பரப்பே பாக்டீரியாப் பெருக்கத்தைக் கூட்டுகிறது என 1943இல் காட்டினார். இவ்விருவரும் ஏரியையும் கடலையும் ஆராய்ந்தவர்கள் என்பது கருதத்தக்கது. மருத்துவ நுண்ணுயிரியல் இவர்களுக்குச் செவிசாய்க்கவில்லை. 1978இல் கால்கரிப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் காஸ்டர்ட்டன், கீசி, செங் ஆகியோர் பாக்டீரியாக்கள் ஒட்டும் முறைபற்றிச் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதியபின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1982இல் நோயாளி ஒருவரின் இதயமுடுக்கிக் கம்பியில் ஸ்டஃபைலோகாக்கஸ் படலம் மின்னணு நுண்ணோக்கியால் காட்டப்பட்டது. 1990இல் மொன்டானாவின் போஸ்மன் நகரில் உயிர்ப்படலப் பொறியியல் மையம் தொடங்கப்பட்டது. பெயரில் ‘பொறியியல்’ இருப்பினும் அக்காலத்து முதன்மை நோக்கம் படலத்தை அறிந்து கட்டுப்படுத்துவதே. வளர்த்துப் பொருளாக்குவது பின்னர் வந்தது.

கால்வழி 168

பாசில்லஸ் சப்டிலிஸ் வரலாறு இங்கே தனிப்பாதையில் செல்கிறது. ஓரினத்துக்குள் தனித்தனியே பேணப்படும் மரபுத் தொடரினை ஆய்வகத்தார் ஸ்ட்ரெய்ன் என்பர். இங்கு அது கால்வழி எனக் குறிக்கப்படுகிறது. இவ்வினத்தின் மூல வகையாக ஜெர்மனியின் மார்பர்க் நகரப் பெயரால் வழங்கும் கால்வழி ஏற்கப்பட்டது. 1947இல் யேல் பல்கலைக்கழகத்தில் பர்க்ஹோல்டர், கைல்ஸ் ஆகிய இருவரும் மார்பர்க் கால்வழியின்மீது எக்ஸ் கதிரையும் புறஊதாக் கதிரையும் செலுத்திச் சடுதிமாற்றங்களை உண்டாக்கினர். குறிப்பிட்ட சத்தினைத் தாமே ஆக்கிக்கொள்ளவியலாத வகைகளைப் பிரித்தெடுப்பதே அவர்தம் நோக்கம். அவற்றுள் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தை ஆக்கவியலாத ஒன்றின் எண் 168.

அவ்வாய்வில் உருவான வகைகளில் பெரும்பாலானவை பேணப்படாமல் அழிந்தன. எஞ்சிய சில சார்லஸ் யனோஃப்ஸ்கி வழியாக ஜான் ஸ்பிஸிஸனின் கைக்கு வந்தன. 1958இல் ஸ்பிஸிஸன், புறத்திலிருந்து தரப்படும் டி.என்.ஏ.வைக் கால்வழி 168 உள்வாங்கித் தன் குறையை நீக்கிக்கொள்கிறது எனக் காட்டினார். ஏவரியின் 1944ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகு டி.என்.ஏ. மாற்றம் பற்றிய ஆர்வம் மிகுந்திருந்த காலம் அது. ஏவரி ஆராய்ந்ததோ நிமோனியாக் கிருமி. நோய் விளைக்காத, எளிதில் வளரக்கூடிய, வித்துக்களை உருவாக்கக்கூடிய ஓர் உயிரில் அதே நிகழ்வு கிடைத்ததும் உலகெங்கும் ஆய்வகங்கள் 168ஐ வரவழைத்துக்கொண்டன. 1997இல் வாசிக்கப்பட்ட மரபணுத்தொகையும் இதனுடையதே. ‘பாசில்லஸ் சப்டிலிஸ்’ என்று ஒரு கட்டுரை பொதுப்படச் சொன்னால் அது பெரும்பாலும் 168ஐ அல்லது அதன் வழித்தோன்றலையே குறித்தது.

இந்த 168 நல்ல படலம் அமைப்பதில்லை. நீர்மத்தின் மேற்பரப்பில் மெல்லிய, வலுவற்ற ஏடே படிகிறது. அகரில் வளரும் குடியிருப்பும் சிக்கலான அமைப்பின்றித் தட்டையாக உள்ளது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கையாண்டவர்களுக்கு இது குறையாகத் தோன்றவில்லை. மாறாக, ஒட்டாத, திரளாத, பிப்பெட்டில் ஒழுங்காக ஏறும் வளர்ப்பு ஆய்வுக்கு வசதியானது. ஒவ்வொரு முறை மறுவளர்ப்பின்போதும் சீரான, கையாள எளிய குடியிருப்பைத் தெரிந்தெடுத்தவர்கள், அறியாமலே படலத்திற்கு எதிராகத் தெரிவு செய்திருக்கக்கூடும். சுவடிப் பதிப்பில் பயிற்சியுடையோர்க்கு இந்நிலை புதிதன்று. தெளிவாகப் படிக்கக் கிடைத்த ஒரு படியையே அடிப்படையாகக் கொண்டு பலமுறை படியெடுத்தால், கடினமான பாடம் மெல்ல மறைந்து, மறைந்தது என்ற செய்தியும் மறைந்துவிடுகிறது.

மூலப்படியின் மீட்பு

மார்பர்க் கால்வழியின் ஆய்வகப் பழக்கத்திற்கு ஆட்படாத படியொன்று பிரித்தானியாவின் தொழில்துறைப் பாக்டீரியத் தொகுப்பில் 3610 என்னும் எண்ணில் பேணப்பட்டிருந்தது. என்.சி.ஐ.பி. 3610 என இலக்கியத்தில் வழங்குவது இதுவே. 2001இல் ஹார்வர்டின் பிராண்டா, கொன்சாலஸ்-பாஸ்டர், பென்-யெஹூடா, லோசிக், கோல்ட்டர் ஆகியோர் 3610ஐ வளர்த்து, 168இல் காணவியலாத காட்சியைப் பதிவுசெய்தனர். குடியிருப்பு சுருக்கங்களும் மேடுகளும் கொண்டு வளர்ந்தது. காற்றில் நீட்டி நின்ற முனைகளில் வித்துக்கள் உருவாயின. நீர்மத்தின்மேல் தடித்த, மடிப்புகள் நிறைந்த ஏடு படிந்தது. ஒரே இனம், ஒரே மூதாதை, தோற்றத்தில் அடையாளம் காணவியலாத வேறுபாடு. தொகுப்பில் எவரோ ஒரு காலத்தில் இட்டுவைத்த குப்பி இல்லாதிருப்பின் பின்வரும் வரலாறு இதே வடிவில் அமைந்திராது.

அதன்பின் படலத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 2006இல் பிணைகூழின் இரு முதன்மைக் கூறுகளாகப் புறப்பல்சர்க்கரையும் டாஸ்-ஏ என்னும் புரதமும் அடையாளம் காணப்பட்டன. பின்னது இழைகளாகத் திரண்டு கட்டடத்தின் இரும்புக்கம்பி போலப் படலத்தைத் தாங்குவது. நீர்விலக்குக்குரிய புரதம் சற்றுப் பிந்திக் கிடைத்தது. யுவா-பி என்னும் பெயரில் பட்டியலிடப்பட்டிருந்த மரபணுவின் விளைபொருள் படலத்தின் புறப்பரப்பில் நீர்விலக்கும் அடுக்காகப் படிகிறது என 2012இல் ஜப்பானின் கொபயாஷி, இவானோ ஆகிய இருவரும் காட்டினர். 2013இல் டண்டீ, எடின்பரோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் குழு அதன் படிகவடிவத்தைக் கண்டு, நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் ஒருபக்கம் தொப்பிபோல் குவிந்திருப்பதை விளக்கியது. பி.எஸ்.எல்.ஏ. எனப் பெயர்மாற்றப்பட்ட இப்புரதம் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் தானே ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. (இப்புரதத்தைச் சேர்த்தால் பனிக்கூழ் விரைவில் உருகாது என்று 2015இல் அதே பல்கலைக்கழகங்கள் அறிவித்தபோது, அதுவரை இத்துறையை எட்டிப் பாராத நாளிதழ்களும் அதைப் பற்றி எழுதின.)

168க்கு நேர்ந்தது என்ன என்பதற்கு 2011இல் மெக்லூன், கட்டன்பிளான், கியர்ன்ஸ், கோல்ட்டர், லோசிக் ஆகியோர் விடை கண்டனர். எஸ்.எஃப்.பி., எப்ஸ்-சி, ஸ்வார்-ஏ, டெக்-கியூ என்னும் நான்கு மரபணுக்களில் குறைகள் நேர்ந்திருந்தன. பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கவேண்டிய ராப்-பி மரபணு அறவே இல்லை. இவ்வைந்தையும் சீர்செய்தபோது 168 தன் மூதாதைக்கு நிகரான படலத்தை அமைத்தது. ஆகவே இழப்பு மரபுவழிப்பட்டது; அதன் படிகளைத் தனித்தனியே எண்ணிக் காட்டலாம். இவற்றுள் டெக்-கியூ நம் பொருளோடு நேர்த்தொடர்புடையது. பி.எஸ்.எல்.ஏ. புரதம் உருவாவதைத் தூண்டும் கட்டுப்பாட்டுத் தொடரில் அதற்கு இடமுண்டு. அது நலிந்தால் நீர்விலக்கும் மேலுறையும் நலியும்.

பிளாஸ்மிட்டின் இழப்பு இன்னும் ஆழமான செய்தியைத் தருகிறது. 3610 வெளி டி.என்.ஏ.வை எளிதில் ஏற்பதில்லை. அந்த மறுப்புக்குக் காரணம் அதே பிளாஸ்மிட்டில் உள்ள காம்-ஐ என்னும் சிறு புரதம் என 2013இல் கான்கல், பிளேர், கியர்ன்ஸ் ஆகியோர் நிறுவினர். அதாவது, டி.என்.ஏ. ஏற்பைத் தடுக்கும் காம்-ஐயும் படலத்திற்கு உதவும் ராப்-பியும் ஒரே வளையத்தில் அமைந்தவை. வளையம் தொலைந்தபோது இரண்டும் சேர்ந்து தொலைந்தன. 1958இல் 168ஐ உலகம் விரும்பி ஏற்றதற்கான பண்பும், படலத்தைக் காணாமற்செய்த குறைகளுள் ஒன்றும் ஓரிழப்பின் இரு பக்கங்கள். மரபியலாளர்கள் தற்செயலாகப் படலம் குன்றிய வகையைத் தேர்ந்தனர் என்று மட்டும் சொல்வது போதாது. மரபியலுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்ததிலேயே படலத்தின் இழப்பு ஓரளவு அடங்கியிருந்தது. இது முழுக் காரணமன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனைய நான்கு குறைகளும் தனித்தனியே நேர்ந்தவை.

அதே 2013ஆம் ஆண்டு ஆய்வு பொறியியலுக்கு வழியையும் திறந்தது. காம்-ஐ புரதத்தின் 12ஆம் இடத்திலுள்ள குளூட்டமினை லூசினாக மாற்றினால், 3610 தன் படலத்தை இழக்காமலே டி.என்.ஏ.வை ஏற்கத் தொடங்குகிறது. ஓர் அமினோ அமிலத்தின் மாற்றத்தால், அரை நூற்றாண்டாக ஒன்றையொன்று விலக்கி நின்ற இரு பண்புகள் ஒரே கால்வழியில் கூடின. படலத்தைத் திருத்தியமைக்க விரும்புவோர்க்குக் கையாளத்தக்க உயிர் இவ்வாறே கிடைத்தது.

தாமரையிலையும் ரோசா இதழும்

நீர்விலக்கு என்பது ஒற்றைப் பண்பன்று. 1997இல் பார்த்லாட், நைன்ஹூயிஸ் ஆகியோர் தாமரையிலையின் தூய்மைக்கு அதன் நுண்மேடுகளும் மெழுகுப்பூச்சும் காரணம் என விளக்கியது முதல், பரப்பின் வடிவமும் வேதியியலும் சேர்ந்தே நனையாமையைத் தீர்மானிக்கின்றன என்பது தெளிவாயிற்று. தாமரையிலையில் துளி உருண்டு ஓடும். ரோசா இதழில் துளி உருண்டையாகவே இருந்தும் இதழோடு ஒட்டிக்கொள்ளும். ‘தாமரையிலைத் தண்ணீர்’ என்று பற்றின்மையைக் குறிக்கும் தமிழ் வழக்கில் முதல்வகை மட்டுமே பதிவாகியுள்ளது. பாசில்லஸ் படலம் இரண்டையும் காட்டவல்லது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லீலெக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாக்டீரியம் வளர்ப்பூடகம் மாறுவதற்கேற்ப நனையும் படலத்தையும், தாமரைவகைப் படலத்தையும், ரோசாவகைப் படலத்தையும் உருவாக்குவது காட்டப்பட்டது. மரபணுவைத் தொடாமல், உணவை மாற்றியே மேற்பரப்பை மாற்றலாம் என்பது இதன் பொருள்.

இதற்கு முன்பே, 2016இல், அக்குழுவினர் படலத்தைக் கட்டடச் சாந்தில் கலந்து பார்த்திருந்தனர். சாதாரணச் சாந்து நீரை உறிஞ்சும். குளிர்நாடுகளில் உள்ளே புகுந்த நீர் உறைந்து விரிந்து சாந்தைப் பிளக்கும். படலம் கலந்த சாந்தின்மேல் நீர் துளியாக நின்றது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேற்பரப்பிலும் உட்பகுதியிலும் முள்போன்ற நுண்படிகங்கள் நிறைந்திருந்தன. இங்கு நீரை விலக்குவது படலத்தின் தோல் அன்று. படலம் இருந்ததால் சாந்தில் விளைந்த படிகங்களின் கரடுமுரடு.

வலிமையைக் கூட்டும் முயற்சிகள் வேறொரு பாக்டீரியத்திலிருந்து முதலில் வந்தன. எஷெரிக்கியா கோலையின் புற இழையான கர்லி 1989இல் விவரிக்கப்பட்டது. 2014இல் ஹார்வர்டில் நீல் ஜோஷி குழுவும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் திமோத்தி லூ குழுவும் கர்லிப் புரதத்தோடு வேறு புரதத் துண்டுகளை மரபணுவழி இணைத்து, விரும்பிய பண்புடைய இழைவலையைப் பாக்டீரியாவே நெய்யும்படி செய்தன. 2019இல் சாவ் ஜோங் குழுவினர் பாசில்லஸின் டாஸ்-ஏ இழையை அவ்வாறே மாற்றியமைத்து, முப்பரிமாண அச்சில் இடத்தக்க படலத்தை ஆக்கினர்.

வலிமைக்கும் நீர்விலக்குக்கும் இடையிலான முரண் மியூனிக் ஆய்வுகள் இரண்டை அருகருகே வைத்துப் படிக்கும்போது புலப்படுகிறது. 2014இல் வெளிவந்த முதலாய்வு, செம்பு, துத்தநாகம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் அயனிகளைப் பாசில்லஸ் படலம் உள்வாங்கினால் ஓடும் நீரின் அரிப்பைத் தாங்கும் எனக் காட்டியது. மிதக்கும் பாக்டீரியத்திற்கு நஞ்சாகும் அயனிகள் படலத்தினுள் வலுவூட்டும் பொருளாகின்றன. 2020இல் வெளிவந்த பின்னாய்வின்படி, உலோக அயனிகள் 3610 படலத்தின் நீர்விலக்கைக் குறைக்கின்றன. அதனால் படலம் நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு எளிதில் ஆட்படுகிறது. இரு ஆய்வுகளிலும் அயனிகளைச் சேர்த்த நிலைமைகள் ஒன்றல்லவாதலால் இவற்றை நேர்முரணாகக் கொள்வது பிழை. எனினும் வலிமையையும் நனையாமையையும் ஒருங்கே உயர்த்த முனைவோர், ஒன்றுக்கான வழி மற்றொன்றைக் கெடுக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது. கட்டடப் பொறியாளருக்கு இழப்பாகத் தோன்றும் அதே விளைவு, குழாய்களிலும் செயற்கை உறுப்புகளிலும் படிந்த படலத்தை அழிக்க முயலும் மருத்துவருக்கு ஒரு வழியாகிறது. பின்னாய்வின் தலைப்பிலேயே நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு நலிவதும் இடம்பெற்றுள்ளது.